ஆளிவிதையும் இருபத்தொன்பது றாத்தலும்

தராசுக் கொக்கியில் கொழுந்துக் கூடை தொங்குகிறது. கூடைக்குள் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே தெரிவது அவள் தலையும், கூடையின் விளிம்பைப் பிடித்திருக்கும் விரல்களும் மட்டும்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குச் சுவர் கிடையாது. நாலு தூண், மேலே தகரம். அதனால் மழைச் சாரலும் மூடுபனியும் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்க்கொண்டிருக்கின்றன. கூடை மெதுவாகச் சுற்றுகிறது. அவள் முகம் என் பக்கம் வருகிறது, பிறகு பனிக்குள் திரும்பிவிடுகிறது. மறுபடி வரும்போது அது அவள் முகம்தானா என்று ஒரு கணம் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

"இருபத்தொம்பது," என்கிறார் கணக்கப்பிள்ளை.

போன தடவை முப்பத்தொன்று. அதற்கு முந்தின தடவை முப்பத்து மூன்று. மூன்று மாதமாக, என் கையால், வேளை தவறாமல், நல்ல உணவென்று நம்பி ஊட்டிய பிள்ளை.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் பள்ளிக்கூடத்துக் கூரைத் தகரம் காற்றில் பறந்துபோன கதையைச் சிரித்துக்கொண்டே எழுதினேன். இந்த வாரத்துக் கதையை எழுத இரண்டு மாதமாகக் கை வரவில்லை. மகளிடமே கேட்டேன். "எழுதுங்கப்பா, எம் பேர மட்டும் போடாதீங்க," என்றாள். இப்போது அவளுக்குப் பதினைந்து வயது. இங்கே அவளைப் பாப்பா என்றே எழுதுகிறேன்.

கொழுந்துத் தராசில் பிள்ளை

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறினால் வரும் தோட்டங்களில் ஒன்றில் நான் வாத்தியாராக இருந்தேன். இலங்கையில் நம் தோட்டத்து ஆட்களின் வாக்குரிமை போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே அறைப் பள்ளிக்கூடம், ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார். என் மனைவி மாரியாயி கொழுந்து எடுத்தாள். வரிசை வீடுகளான லயத்தின் கோடியில் இருந்த ஓர் அறைக் காம்பராவில் குடியிருந்தோம்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை பெற்று மறுபடி வேலைக்குப் பெரட்டில் நிற்க வரும் பெண், முதல் நாள் பிள்ளையைக் கொழுந்துக் கூடையில் வைத்துத் தராசில் மாட்டிப் பார்ப்பாள். கூட நிற்கும் பெண்கள், "எத்தனை றாத்தல் எடுத்திருக்க?" என்று கேலி செய்வார்கள். கணக்கப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே எடையைச் சொல்வார். டிஸ்பென்சரி மூன்று மைல் தள்ளி, அடுத்த டிவிஷனில் இருந்தது. பிள்ளையின் எடையைப் பார்க்க எங்களுக்குப் பக்கத்தில் இருந்தது அந்த ஒரு தராசுதான்.

மற்றவர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். நான் விடவில்லை. பாப்பாவுக்கு ஆறு வயதான பிறகும் மாதம் ஒரு சனிக்கிழமை, மத்தியான நிறுவை முடிந்து பெண்கள் மலைக்குத் திரும்பிய பிறகு, அவளைக் கூட்டிக்கொண்டு போய்த் தராசில் உட்காரவைப்பேன்.

கணக்கப்பிள்ளை சுப்பையா நல்ல மனிதர். இருபது வருடமாக அதே தராசின் பின்னால் நிற்பவர். எடை காட்டும் ஊசி அவர் பக்கம் இருக்கும். நாங்கள் இந்தப் பக்கம் நிற்போம். அவர் வாய் சொல்வதுதான் எடை.

"என்னங்க வாத்தியாரே, புள்ளைய என்ன ஃபேக்டரிக்கா அனுப்பப் போறீங்க?" என்பார். பாப்பா கூடைக்குள் இருந்து சிரிப்பாள்.

மாரியாயிக்கு இது பிடிக்காது. "அந்தத் தராச நம்பாதீங்க. என் முதுகுக்குத் தெரிஞ்சது அதுக்குத் தெரியாது," என்று ஒரு தடவை சொன்னாள். கொழுந்து எடுக்கும் எல்லாப் பெண்களும் தராசைத் திட்டுவார்கள். அதில் ஒன்று இது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மூத்தவன்

ஏன் இப்படிப் பயந்தேன் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பாப்பாவுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் இருந்தான். ஒன்றரை வயதில், ஆடி மாத மழையில், சளிக் காய்ச்சல் வந்தது. நான் அவனைக் கம்பளியில் சுற்றி டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

மூன்று மைல். முதல் மைலில் கை வலித்தது. இரண்டாவது மைலில் வலி குறைந்தது. மூன்றாவது மைலில் வலியே இல்லை. பழகிவிட்டது என்று நினைத்தேன். டிஸ்பென்சரி வாசலில் கம்பளியைப் பிரித்தபோதுதான் தெரிந்தது.

எங்கே, எந்த வளைவில் அவன் போனான் என்று எனக்குத் தெரியாது. கையில் எடை குறைந்துகொண்டே வந்தது. அதுதான் தெரியும்.

பதினோராம் நம்பர் மலையின் ஓரத்தில், தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அவனைப் புதைத்தோம். அங்கே கொழுந்து எடுக்கும் நாளில் மாரியாயி யாரோடும் பேசமாட்டாள்.

குதிரைக்குக் காய்ச்சியது

பெரிய துரை பங்களாவில் ஒரு பழுப்புக் குதிரை இருந்தது. சித்திரை மாதம் நுவரெலியாவில் நடக்கும் பந்தயத்துக்குப் போகிற குதிரை. அதைப் பார்த்துக்கொண்டவர் சவரிமுத்து அண்ணன். லாயத்துக்குப் பின்னால் அவருடைய அடுப்பு எப்போதும் எரியும்.

ஒருநாள் துரையிடம் பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு கேட்கப் போனேன். துரை வெளியே போயிருந்தார். காத்திருந்த நேரத்தில் லாயத்துப் பக்கம் போனேன். சட்டியில் ஏதோ கொழகொழவென்று கொதித்துக்கொண்டிருந்தது. துடுப்பால் தூக்கினால் நூல் நூலாக இறங்கியது.

"இது என்னாண்ணே?"

"லின்சீட்டு, மாஸ்டர். நம்ம ஆளிவிதைதான். இவனுக்கு இதத் தவிடோட பெசைஞ்சு குடுத்தா ஒடம்பு மினுங்கும். பாருங்க."

பார்த்தேன். குதிரையின் விலாவில் என் முகம் தெரிவதுபோல இருந்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் எனக்குப் பாப்பாவின் செம்பட்டைத் தலைமுடியும், முழங்காலில் வெளுத்துக் கிடந்த தோலும் ஞாபகத்துக்கு வந்தன.

"மனுஷர் சாப்பிடலாமா?"

"எங்க ஆத்தா கொழுக்கட்டையில போடுவாங்க. ஆனா மாஸ்டர், அது தண்ணிய இழுக்கும். காய்ச்சாம ஒரு பிடிய இவன் வாயில வைக்க விடமாட்டேன். உள்ள போயி ஊதிக்கிட்டு நிக்கும்."

வாசலில் துரையின் ஜீப் வந்து நின்றது. நான் ஓடினேன். அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

ஒரு தேக்கரண்டி

தலவாக்கலை நாட்டு மருந்துக் கடையில் அரை றாத்தல் வாங்கினேன். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய, தட்டையான, பழுப்பு நிற விதை. கைக்குள் வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். கடைக்காரர், "மாதவிலக்கு வலிக்கா, மலச்சிக்கலுக்கா?" என்று கேட்டார். பிள்ளைக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

இரும்புச் சட்டியில், சிறு தீயில் வறுத்தேன். கடுகு போலப் படபடவென்று வெடித்தது. அம்மியில் பொடித்தேன். காம்பரா முழுக்க வறுத்த எள்ளின் வாசனை.

அந்தக் காலத்தில் லயத்துச் சாப்பாடு எல்லாருக்கும் ஒன்றுதான். காலையில் கூப்பனுக்குக் கிடைக்கும் கோதுமை மா ரொட்டி, மிளகாய் இடித்த கட்டச் சம்பல், பால் இல்லாத சாயத் தண்ணி. மத்தியானம் கூப்பன் அரிசிச் சோறு, ஏதாவது ஒரு கீரை. இரவு மிச்சம். இதில் எதை மாற்ற முடியும்? மாற்றவேண்டாம், கூடச் சேர்த்தால் போதும் என்பதுதான் ஆளிவிதையில் எனக்குப் பிடித்தது. ரொட்டி மாவில் ஒரு தேக்கரண்டி. தேங்காய்ச் சம்பலில் ஒரு சிட்டிகை. கஞ்சி இறக்கும்போது மேலே தூவல்.

ரொட்டியைக் கடித்த மாரியாயி, "நல்லாத்தானே இருக்கு. வாத்தியார் வேலையை விட்டுட்டு ஹோட்டல் போடுங்க," என்றாள்.

முதல் மாதம் பலன் தெரிந்தது. பாப்பா காலையில் முக்காமல் வெளியே போய் வந்தாள். முழங்கால் தோல் மிருதுவானது. இதை நான் இன்றும் மறுக்கமாட்டேன். ஆளிவிதை நல்ல பொருள். ஒரு தேக்கரண்டி, பொடித்து, நிறையத் தண்ணீரோடு.

அத்தோடு நின்றிருக்கலாம்.

கிண்ணத்தில் பார்த்தவை

வைகாசி பிறந்து தூறல் தொடங்கிய பிறகு வந்த சனிக்கிழமை, நனைந்த கம்பளியோடு பாப்பாவைக் கூடையில் உட்காரவைத்தேன். போன மாதம் முப்பத்து மூன்று.

சுப்பையா ஊசியைப் பார்த்தார். "முப்பத்தொண்ணு."

"சரியாப் பாருங்க கணக்கப்பிள்ளை."

"முப்பத்தொண்ணுதான் வாத்தியாரே. மழைக் காலத்துல புள்ளைங்க வாடத்தான் செய்யும்."

வீட்டுக்கு வந்து அளவை இரண்டு தேக்கரண்டியாக்கினேன். ஊறவைத்தால் சத்துக் கூடும் என்று எனக்கு நானே முடிவு செய்து, விதையைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தேன்.

காலையில் பாப்பாதான் மூடியைத் திறந்தாள். திறந்தவள் அசையாமல் நின்றாள். "அப்பா, அது பாக்குது."

போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு விதையைச் சுற்றியும் கண்ணாடி போல ஒரு தோல் பூத்திருந்தது. நடுவில் பழுப்புப் பொட்டு. கிண்ணம் நிறையக் கண்கள். மேசை அசைந்ததும் எல்லாம் சேர்ந்து நடுங்கின.

"விதைடா அது. ஊறியிருக்கு," என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை.

அன்றிலிருந்து அவள் கஞ்சியைத் தொடவில்லை. ரொட்டியை மட்டும் சாப்பிட்டாள். அதிலும் ஒரு துண்டைப் பிட்டு ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனாள். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் துண்டு இருக்காது. காக்கையோ நாயோ எடுத்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டேன்.

"யாருக்கும்மா அது?"

"அண்ணனுக்கு."

மூத்தவனைப் பற்றி நாங்கள் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காத்தாயியிடம் போய்ச் சத்தம் போட்டேன். நீதான் பிள்ளையிடம் சொல்லியிருப்பாய் என்றேன்.

காத்தாயி ஒரு குழந்தைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கு வேற வேலயில்ல பாருங்க. நாப்பது புள்ளைங்க மூக்கு ஒழுகுது இங்க. நான் சொல்லல மாஸ்டர் ஐயா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்ணு. போடுறது ஒடம்புல ஒட்டலன்னா, கூட ஒண்ணு ஒக்காந்து திங்குதுன்னு அர்த்தம். அதுக்கும் பசிக்கும்ல?"

நான் படித்தவன். ஐந்து வகுப்புக்கும் சுகாதாரப் பாடம் எடுப்பவன். சிரித்துவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் பதினோராம் நம்பர் மலையைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

உருண்டை

ஆனியில் அடைமழை. அந்த மாதத்து நிறுவையைத்தான் தொடக்கத்தில் எழுதினேன். இருபத்தொன்பது.

நாலு றாத்தல் என் பிள்ளையிடமிருந்து போயிருந்தது. எங்கே போனது? கண்ணால் பார்த்தால் அவள் அப்படியேதான் இருந்தாள். கன்னம் கூட லேசாக உப்பினமாதிரி இருந்தது. ஆனால் நான் கண்ணை நம்பவில்லை. மூத்தவனும் கம்பளிக்குள் அப்படியேதான் இருந்தான்.

பாடம் நடத்தும்போது அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன். பனி ஜன்னல் வழியாக வகுப்புக்குள் வரும். முதல் வரிசைப் பிள்ளைகள் மங்குவார்கள். பாப்பாவின் பக்கத்தில் பலகையில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அங்கே உட்காரச் சொன்னால் மற்றப் பிள்ளைகள் தயங்கினார்கள். காத்தாயியின் பேச்சு லயம் முழுக்கப் பரவியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

மாரியாயி அவள்பாட்டுக்கு இருந்தாள். ஒருநாள் பாப்பாவை முதுகில் சுமந்துகொண்டு ஆற்றங்கரைப் படிக்கட்டில் ஏறி வந்து வாசல் இஸ்தோப்பில் இறக்கிவிட்டு, "கனக்குறாங்க ஒங்க மக," என்று மூச்சு வாங்கினாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

கஞ்சி வேண்டாம் என்பவளுக்கு வேறு வழி கண்டுபிடித்தேன். வறுத்த ஆளிவிதைப் பொடியைக் கருப்பட்டியோடு இடித்து உருண்டை பிடித்தேன். இனிப்பு என்பதால் சாப்பிட்டாள். காலையில் இரண்டு, பள்ளிக்கூட இடைவேளையில் ஒன்று, மாலையில் இரண்டு. ஒவ்வொன்றும் எலுமிச்சங்காய் அளவு. பொடி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று பிறகு விதையை முழுசாகவே போட்டேன்.

எங்கள் மலைக் குளிரில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். வற்புறுத்தினால் ஒரு வாய். அந்த விதை தண்ணீரை எப்படி இழுக்கும் என்பதைக் கிண்ணத்தில் என் கண்ணால் பார்த்திருந்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. எனக்கு எடை ஒன்றே கண்ணில் நின்றது.

அடுத்த சனிக்கிழமைக்குக் காத்திருக்க முடியாமல் வாரத்தின் நடுவிலேயே அவளைத் தூக்கக் கலக்கத்தோடு மடுவத்துக்குக் கூட்டிப்போனேன். கொட்டும் மழை.

"இருபத்தொம்பது," என்றார் சுப்பையா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கூடலன்னாலும் கொறையலயே வாத்தியாரே," என்றார்.

அன்று மாலை இரண்டு உருண்டையை மூன்றாக்கினேன்.

மூன்று மைல்

நாலாவது நாள் காலை பாப்பா எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தாள். வயிற்றைத் தொட்டேன். ஆற்றில் கிடக்கும் கல் போல இருந்தது. வலி வரும்போது அழவில்லை. வாயைத் திறந்து, சத்தமில்லாமல் கூரையைப் பார்த்தாள். அந்த வாயை என்னால் மறக்க முடியவில்லை.

எத்தனை நாளாக அவள் வெளியே போகவில்லை என்று மாரியாயி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. எத்தனை உருண்டை என்பது தெரிந்திருந்தது.

மாரியாயி பெரட்டுக்குப் போக இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து எறிந்தாள். பாப்பாவைக் கம்பளியில் சுற்றி முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்கி நடந்தாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அதே பாதை. அதே மழை. பனியில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் நான், "மூச்சு இருக்கா? மூச்சு இருக்கா பாரு," என்று கேட்டேன்.

"இருக்கு. வாய மூடிக்கிட்டு வாங்க," என்றாள் மாரியாயி.

இரண்டாவது மைலில், பாலத்தைத் தாண்டியதும், கம்பளிக்குள்ளிருந்து பாப்பா தெளிவாகப் பேசினாள். "நா வரல. நீ போ."

மாரியாயி ஒரு நொடி நின்றாள். யாரிடம் சொன்னாள் என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை. மாரியாயி அதற்குப் பிறகு ஓட ஆரம்பித்தாள்.

டிஸ்பென்சர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"பிள்ளைக்கு என்ன குடுத்தனீங்கள் மாஸ்டர்?"

சொன்னேன்.

"ஒரு நாளைக்கு எத்தினை?"

அதையும் சொன்னேன்.

"தண்ணி குடிச்சவளோ?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளைப் பார்க்கும் பார்வை.

"நீங்கள் எல்லாம் படிப்பிக்கிற ஆக்கள்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எனிமா கொடுத்தார்கள். ஒரு தடவை போதவில்லை. மறுபடி கொடுத்தார்கள். தடுப்புக்கு அந்தப்புறம் பாப்பா அழும் சத்தம் கேட்டது. அந்த அழுகை நிற்கக்கூடாது என்று சுவரில் தலையை வைத்துக்கொண்டு நின்றேன். மத்தியானம் கடந்து போயிற்று. எப்போதோ மருத்துவச்சி வெளியே வந்து, "போயிருச்சு. கல்லு கல்லா, பூரா வெத," என்றாள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் கண்டிக்குக் கொண்டுபோய் வெட்ட வேண்டியிருக்கும், அதுவரை தாங்குவாளோ என்னவோ என்று டிஸ்பென்சர் ஐயா பிறகு சொன்னார்.

மருந்துக்கு அளவு பார்க்க அவளை எடை மெஷினில் நிறுத்தினார்கள். வயிறு வெறுமையாகி, உடம்பு துவண்டு, மருத்துவச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முப்பத்தஞ்சு," என்றார் டிஸ்பென்சர் ஐயா.

"இருக்காதுங்க. இருபத்தொம்பது."

"வந்து பாரும்."

பார்த்தேன். முப்பத்தைந்து. மெஷினைத் தட்டிப் பார்த்தேன். முப்பத்தைந்து. ஆறு வயதுத் தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லாத எடை, சித்திரையில் முப்பத்து மூன்று என்று நான் சொன்னதை வைத்துப் பார்த்தால் மூன்று மாதத்தில் இரண்டு றாத்தல் ஏறியிருக்கிறாள் என்றார் அவர்.

மாரியாயி பெஞ்சில் உட்கார்ந்து ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"ஒரு தடவையாச்சும் நீங்க அவளத் தூக்கிப் பாத்தீங்களா?"

கழிவு

மறுநாள் மாலை நிறுவைக்கு மடுவத்துக்குப் போனேன். முதல் முறையாகத் தராசின் அந்தப் பக்கம், சுப்பையாவின் தோளுக்குப் பின்னால் நின்றேன். மழை.

ஒரு பெண் கூடையை மாட்டினாள். ஊசி முப்பதில் நின்றது.

"இருபத்திரெண்டு," என்றார் சுப்பையா.

அடுத்த கூடை. ஊசி இருபத்தேழு. "பத்தொம்பது."

நான் அவர் கையைப் பிடித்தேன். "கணக்கப்பிள்ளை, முப்பதுன்னு காட்டுது, இருபத்திரெண்டுங்கறீங்க?"

"கூடைக்கு ரெண்டு. மழைக்கு ஆறு. தூறல்னா மூணு. எலையில ஒட்டியிருக்க தண்ணிய எடையில சேக்க முடியுமாய்யா? இது அந்தக் காலத்துலருந்து துரை போட்ட கழிவு."

"எம் மகளுக்கும் கழிச்சீங்களா?"

அவர் சிரிக்கப் போனார். வாய் பாதி திறந்தபடியே நின்றுவிட்டது. இருபது வருடமாக அவர் கண் ஊசியைப் பார்க்கிறது, வாய் கழித்துச் சொல்கிறது. நடுவில் நினைக்க வேண்டிய தேவை ஒருநாளும் வந்ததில்லை. ஈரக் கம்பளியோடு கூடையில் தொங்கிய என் பிள்ளைக்கும் மழைத் தண்ணீருக்கு ஆறு றாத்தலைக் கழித்துவிட்டார்.

"அய்யய்யோ வாத்தியாரே," என்றார்.

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரையும்விடப் பின்னால் மாரியாயி நின்றாள். அவளுக்கு இது தெரியாததா? ஒவ்வொரு மழை நாளும் மூன்று வேளையும் அவள் முதுகு சுமந்ததில் ஒரு பகுதி காணாமல் போவது தெரியும். "அந்தத் தராச நம்பாதீங்க" என்று சொன்னாள். நான் மாதம் ஒரு தடவை மடுவத்துக்குப் போனபோதெல்லாம் அவள் மலையில் இருந்தாள். எடை குறைந்ததை நான் அவளிடம் சொல்லவே இல்லை. அவள் பயந்துவிடுவாளாம்.

அவள் கூடை ஏறியது. ஊசி முப்பத்து நாலைத் தொட்டது. சுப்பையா என்னைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார், வெளியே மழையைப் பார்த்தார்.

"இருபத்தாறு," என்றார் மெதுவாக.

மாரியாயி வெறுங்கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பனிக்குள் போய்விட்டாள்.

ரொட்டி

ஜன்னல் கட்டையில் வைத்த ரொட்டியைப் பற்றிப் பாப்பாவிடம் பிறகு கேட்டேன். ஞாபகமில்லை என்றாள். பாலத்துக்கு அப்பால் சொன்னதும் ஞாபகமில்லை. அண்ணன் என்று அவளுக்கு யார் சொன்னது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அது காத்தாயியின் வேலைதான் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படி வைத்துக்கொண்டால் மழைக் காலத்தில் பள்ளிக்கூட ஜன்னலை மூடாமல் பாடம் நடத்த முடிகிறது.

ஆளிவிதை எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. நான்தான் அந்தப் பொட்டலத்தைக் குப்பையில் போடப் போனேன். மாரியாயி, "வெதை என்னங்க செஞ்சது, பாவம்," என்று எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் இன்றும் வறுத்துப் பொடித்து ரொட்டி மாவில் ஒரு தேக்கரண்டி போடுகிறாள். சாப்பிட்டதும் பாப்பாவின் கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுக்கிறாள். பாப்பாவும் சாப்பிடுகிறாள். அம்மா தட்டில் வைத்ததை அவள் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

போன வாரம் மாரியாயி தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கு ராகலைக்குப் போயிருந்தாள். காலையில் நான்தான் ரொட்டி சுட்டேன். வெறும் மா, தேங்காய்ப்பூ, உப்பு. வேறு எதையும் தொடவில்லை. தட்டில் வைத்து அவள் முன்னால் தள்ளினேன்.

பாப்பா ரொட்டியை இரண்டாகப் பிட்டாள். பிட்ட இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு பாதியையும் மறுபடி பிட்டாள்.

"இதுல ஒண்ணுமில்லையேப்பா?"

"ஒண்ணுமில்லம்மா."

அவள் இன்னொரு தடவை பார்த்தாள். பார்த்து முடிக்கட்டும் என்று நான் காத்திருந்தேன்.